கையுறையும் காப்ஸ்யூலும்: வெண்புள்ளியில் ஆக்சிஜனேற்றத்தின் பங்கு

1939-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஆலிவர், ஷ்வார்ட்ஸ், வாரன் என்ற மூவர் ஒரு முதற்கட்ட அறிக்கை வெளியிட்டார்கள். தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளர்களின் கைகளிலும் முன்கைகளிலும் நிறம் போய் வெள்ளைத் திட்டுகள் விழுந்திருந்தன. பதனிடும் சரக்கு அதற்குக் காரணமில்லை. கையைக் காப்பாற்ற மாட்டிக்கொண்ட ரப்பர் கையுறைதான் காரணம். காற்றுப் பட்டு ரப்பர் உளுத்து வெடிக்காமல் இருக்க ஹைட்ரோகுவினோனின் மோனோபென்சைல் ஈதர் என்ற பொருளை அதில் கலந்திருந்தார்கள். ரப்பர்த் தொழிலில் அப்படிப்பட்ட பொருளை ஆன்டிஆக்சிடன்ட் என்பார்கள்.

இன்று வெண்புள்ளிக்கு மருத்துவரிடம் போய்வரும் ஒருவரின் மருந்துச் சீட்டில் களிம்போடு ஓர் ஆன்டிஆக்சிடன்ட் காப்ஸ்யூலும் இருப்பது வழக்கமாகிவிட்டது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளில் ஒன்று தோலின் நிறத்தை அழித்தது. இன்னொன்று அதை மீட்கும் என்று தரப்படுகிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? வெண்புள்ளி உருவாவதில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கு என்ன பங்கு, அதைத் தணிக்கும் மருந்துகளுக்கு எவ்வளவு பலன், ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற ஒரு தொழில் வட்டாரத்தில் வேலை செய்பவர் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வட்டாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூரின் முகம் மாறியது. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்ட் அதே காலத்தில் வந்தது, டைட்டன் கைக்கடிகாரம் 1987-இல். பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரி பாகம் கடைபவர்கள், பிரஸ் ஷாப், முலாம் பூசும் கூடம், ரப்பர் வார்ப்பு, பெயின்டிங் என்று சிறு பட்டறைகள் முளைத்தன. 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அண்மைக் காலத்தில் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர், குருபரப்பள்ளிப் பக்கம் மின்னணுச் சாதனம் என்று தொழில் கிழக்கே நகர்ந்திருக்கிறது. தளி, பாகலூர், பேரிகை பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்கிறது. கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைகள். பர்கூர் தாண்டினால் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைகள். இந்த வட்டாரத்தில் எந்த ஆலையிலும் வெண்புள்ளி பெருகியிருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கூலன்ட், பசை, ரப்பர், கிருமிநாசினி, பூச்சிமருந்து ஆகியவை மனிதத் தோலை நாள் முழுக்கத் தொடும் இடம் இது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் பற்றிய ஆய்வு வெறும் ஆய்வகச் செய்தியாக நின்றுவிடாமல் வேலையிடத்துக்கு வந்து சேர வேண்டியதும் இங்கேதான்.

வெண்புள்ளி உலக மக்களில் நூற்றுக்கு அரை முதல் இரண்டு பேருக்கு உண்டு. இந்தியாவில் இடத்துக்கு இடம் கணக்கு மாறுகிறது. குஜராத்தின் சில பகுதிகளில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் என்றுகூடப் பதிவாகியிருக்கிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருபது வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். தொற்றாது. தொழுநோயோடு எந்த உறவும் கிடையாது. இவ்வளவு சொல்லியும், கல்யாணப் பேச்சு நின்றுபோவதும் ஆலை வாசலில் நேர்காணலுக்கு வந்தவரை மேலும் கீழும் பார்ப்பதும் நம் ஊரில் தொடர்கிறது. கறுத்த தோலில் வெள்ளைத் திட்டு தூரத்திலிருந்தே தெரியும் என்பதால் நம் மக்களுக்கு இந்த நோயின் சுமை மற்றவர்களைவிடக் கூடுதல்.

திட்டு விழும் இடத்தில் தோல் செத்துவிடுவதில்லை. மேல்தோலின் அடியில் மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் இருக்கின்றன. ஒரு நிறமிச் செல் தன்னைச் சுற்றியுள்ள முப்பத்தாறு தோல் செல்களுக்கு மெலனினை ஊட்டுகிறது. வெண்புள்ளியில் போய்விடுவது அந்த நிறமிச் செல் மட்டும்தான். ஏன் அது மட்டும் என்ற கேள்விக்கான பதில் அதன் வேலையிலேயே இருக்கிறது. தைரோசின் என்ற அமினோ அமிலத்தைத் தைரோசினேஸ் என்ற நொதி ஆக்சிஜனேற்றம் செய்து குவினோன்களாக மாற்ற, அதிலிருந்து மெலனின் பிறக்கிறது. இந்த வழியில் ஹைட்ரஜன் பெராக்சைடும் வினை மிகுந்த வேறு ஆக்சிஜன் மூலக்கூறுகளும் உபரியாக விழுகின்றன. நிறமி செய்வதே ஆக்சிஜனேற்ற வேலை என்பதால், மற்றத் தோல் செல்களைவிட நிறமிச் செல் எப்போதும் விளிம்பிலேயே நின்று பிழைக்கிறது. அந்த நஞ்சை உடனுக்குடன் முறிக்கக் கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளூட்டாதயோன் என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு அதனுள் இருக்கிறது. பாதுகாப்பு தளர்ந்தாலோ, வெளியிலிருந்து வரும் சுமை கூடினாலோ செல் தடுமாறும். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது இந்தச் சமன்குலைவுதான்.

இதற்கு முதல் பெரிய சான்று கேரின் ஷால்ராய்ட்டரிடமிருந்து வந்தது. வெண்புள்ளி உள்ளவர்களின் மேல்தோலில் கேட்டலேஸ் குறைந்திருப்பதை 1991-இல் அவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். திட்டு விழுந்த இடத்தில் மட்டுமல்ல, பார்வைக்கு நன்றாக இருந்த தோலிலும் அது குறைந்திருந்தது. பின்னர் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டிலிருந்து, ராமன் நிறமாலை முறையில் உயிருள்ள தோலிலேயே அளந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு மில்லிமோலார் அளவுக்குத் தேங்கியிருக்கிறது என்று சொன்னார்கள். அந்த அளவில் அது கேட்டலேஸையே செயலிழக்க வைக்கும். முறிக்க வேண்டிய நொதியையே நஞ்சு முடக்கிவிடுகிறது.

இந்தியாவிலும் இந்த வழியில் நல்ல வேலை நடந்திருக்கிறது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் ரஷீதுன்னிசா பேகம் தலைமையிலான குழு, 2004 முதல் குஜராத் நோயாளிகளின் ரத்தத்தில் இந்தப் பாதுகாப்பு நொதிகளின் நிலையைத் தொடர்ந்து ஆராய்ந்து, சமன் குலைந்திருப்பதைப் பதிவுசெய்தது. சீனக் குழு ஒன்று 2014-இல் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. செல்லுக்குள் ஆபத்து வரும்போது பாதுகாப்பு மரபணுக்களை முடுக்கிவிடும் என்ஆர்எஃப்2 என்ற புரதம் வெண்புள்ளி நோயாளிகளின் நிறமிச் செல்லில் சரியாக எழுவதில்லை என்றது அது.

ஆனால் இங்கே ஒரு நிதானம் தேவை. 2018-இல் பெல்ஜியத்தின் ஸ்பெக்கார்ட் குழு அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிட்டது. நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அடையாளங்கள் உயர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் இதே உயர்வு உடல் தன்னையே தாக்கும் வேறு பல நோய்களிலும் இருக்கிறது. ஓர் ஆய்வில் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் கூடியிருக்கும், இன்னொன்றில் குறைந்திருக்கும். அழுத்தம் முதலில் வந்து நோயைக் கொண்டுவந்ததா, நோயின் அழற்சி அழுத்தத்தைக் கொண்டுவந்ததா என்பதை ஒரு நாள் எடுத்த ரத்தத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜனேற்ற அளவு பார்த்து வெண்புள்ளிக்கு மருந்து கொடுப்பதாக விளம்பரம் செய்பவர்களிடம் போய்ப் பணத்தை இழக்க வேண்டாம் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ரத்தத்தில் குழப்பமாக இருப்பது தோலுக்குள் ஓரளவு தெளிவாகியிருக்கிறது. வெண்புள்ளி உடலின் நோயெதிர்ப்புப் படை நிறமிச் செல்லைத் தாக்கும் நோய் என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. தைராய்டுக் கோளாறு இவர்களிடம் கூடுதலாக இருப்பதும், பரம்பரை ஆய்வுகளில் நோயெதிர்ப்பு மரபணுக்களே திரும்பத் திரும்பச் சிக்குவதும் அதனால்தான். ஒரு காலத்தில் ஆக்சிஜனேற்றக் கட்சி, நோயெதிர்ப்புக் கட்சி என்று ஆராய்ச்சியாளர்கள் இரண்டாகப் பிரிந்து வாதிட்டார்கள். இப்போது இரண்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அழுத்தத்தில் தவிக்கும் நிறமிச் செல் ஹெச்எஸ்பி70 போன்ற ஆபத்துப் புரதங்களை வெளியே விடுகிறது. அதைக் கண்ட காவல் செல்கள் சிடி8 என்ற கொல்லும் டி-செல்களைப் பழக்குகின்றன. அவை இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்க, சுற்றியுள்ள தோல் செல்கள் சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 என்ற சமிக்ஞைகளை அனுப்பி மேலும் டி-செல்களை வரவழைக்கின்றன. ஒருமுறை வந்தவற்றில் சில அந்தத் தோலிலேயே தங்கிவிடுவதால், ஆறிய திட்டு அதே இடத்தில் மீண்டும் வெளுக்கிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் இந்தச் சங்கிலியின் தொடக்கத்தில் வலுவான காரணம். சங்கிலி ஓடத் தொடங்கிய பிறகு அதை ஓட்டுவது நோயெதிர்ப்பு. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் காப்ஸ்யூலின் எல்லை தானாகவே புரியும்.

அந்தத் தொடக்கத்தை மனிதர்களிடம் நேராகக் காட்டியவை வேதிப்பொருள்கள்தான். 1939-இன் கையுறைப் பொருளும் அதைத் தொடர்ந்து கண்டறியப்பட்டவையும் அமைப்பில் தைரோசினைப் போலவே இருக்கும் பீனால்கள். ஏமாந்த தைரோசினேஸ் நொதி அவற்றை வாங்கி ஆக்சிஜனேற்றம் செய்யும்போது மெலனினுக்குப் பதில் நச்சுக் குவினோன்கள் பிறக்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு பெருகுகிறது. அந்தக் குவினோன்கள் நொதியோடு ஒட்டிக்கொள்ள, நோயெதிர்ப்புப் படை அதை அந்நியனாகப் பார்க்கிறது. ரப்பரைக் காத்த ஆன்டிஆக்சிடன்ட், நிறமிச் செல்லுக்குள் போனதும் எதிர்ப்பக்கம் நின்றுவிடுகிறது. ஒரு பொருள் எந்த இடத்தில், எந்த நொதியின் கையில், எந்த அளவில் சேர்கிறது என்பதை விட்டுவிட்டு ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே நல்லது என்று நம்புவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அந்த மோனோபென்சைல் ஈதரையேதான் பின்னர் மருத்துவர்கள் மருந்தாக்கினார்கள். உடலின் பெரும்பகுதி வெளுத்துவிட்டவர்களுக்கு மிச்சமிருக்கும் கறுப்பையும் போக்கி ஒரே நிறமாக்க இன்றும் அது பயன்படுகிறது.

இந்த வரிசையில் தொழிற்சாலைகளுக்கு மிக முக்கியமானது பாரா-டெர்ஷியரி-பியூட்டைல் பீனால். 1977-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், அதைத் தயாரித்த ஆலையில் பரிசோதித்த 198 ஆண்களில் 54 பேருக்கு வெண்புள்ளி இருந்தது. கை மட்டுமல்ல, பொருள் தொடாத இடங்களிலும் சிலருக்குத் திட்டு விழுந்திருந்ததால், இது உடல் முழுவதையும் பாதிக்கும் நோயா என்று தலைப்பிலேயே கேட்டார்கள். அதற்கு முன்பே, 1970-இல், பீனால் கலந்த கிருமிநாசினியைத் தொட்டு வேலை பார்த்த மருத்துவமனைப் பணியாளர்களுக்கு நிறம் போனதைக் கான் என்ற மருத்துவர் அமெரிக்காவில் பதிவுசெய்திருந்தார்.

அண்மைக் காலத்தில் உலகையே உலுக்கிய உதாரணம் ஜப்பானுடையது. தோலை வெளுப்பாக்கும் ரோடோடென்ட்ரால் என்ற பொருள் சேர்த்த அழகுசாதனங்களை கனேபோ நிறுவனம் விற்றது. 2013 ஜூலையில் அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பயன்படுத்திய சுமார் எட்டு லட்சம் பேரில் 18,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நிறம் போயிருந்தது. ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பேர். மற்ற 98 பேருக்கு ஏன் வரவில்லை என்பது இன்றும் ஆராயப்படுகிறது. ஒரே பொருளைத் தொட்டாலும் பாதுகாப்பு தளர்ந்த நிறமிச் செல் உள்ளவருக்கே நோய் எழுகிறது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. 'என்னோடு வேலை செய்கிற யாருக்கும் வரவில்லையே' என்று ஒரு தொழிலாளி சொன்னால், அதனால் மட்டுமே அவருடைய வேலைப்பொருளைக் குற்றமற்றது என்று விட்டுவிடக் கூடாது.

நம் நாட்டு அனுபவம் இன்னும் நெருக்கமானது. அலகாபாத்தில் ஏ.கே. பஜாஜ், ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருந்த பாரா-டெர்ஷியரி-பியூட்டைல் பீனாலால் பெண்களின் நெற்றியில் வெள்ளைத் திட்டு விழுவதை 1990-இல் நிறுவினார். கொல்கத்தாவின் கோஷும் முகோபாத்யாயும் 2009-இல் வெளியிட்ட 864 நோயாளிகளின் ஆய்வு, வேதிப்பொருளால் வரும் நிறமிழப்பு பற்றி உலகில் வந்த பெரிய ஆய்வுகளில் ஒன்று. ஹேர் டை முதலிடம், கால்பங்குக்கும் மேல். அடுத்தடுத்து வாசனைத் திரவியம், சோப்புத்தூள், ஸ்டிக்கர் பொட்டு, ரப்பர்ச் செருப்பு, கறுப்புக் காலுறையும் காலணியும். அவர்கள் குறித்த இன்னொரு செய்தி நம் மருத்துவர்களுக்கு மிகவும் உதவும்: பொருள் பட்ட இடத்தில் பொரி சிதறினாற்போல் சிறு சிறு வெள்ளைப் புள்ளிகள் இருப்பது வேதிப்பொருள் காரணம் என்பதற்கு நல்ல அடையாளம். தோல் துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாலும் இதற்கும் சாதாரண வெண்புள்ளிக்கும் அதிக வேற்றுமை தெரியாது. எனவே விசாரணைதான் கருவி.

ஓசூரில் விசாரிக்க வேண்டியவை எவை? நியோப்ரீன் பசை முதலிடம். செருப்பு, பெல்ட், வாகன இருக்கை, ஒலித்தடுப்புத் தாள் ஒட்டும் பசைகளில் இந்த பியூட்டைல் பீனாலின் பிசின் சேர்க்கப்படுகிறது. அடுத்து ரப்பர் கையுறை, ரப்பர் சீல், ரப்பர்ச் செருப்பு. கையுறையில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் உறையில் எழுதுவதில்லை. கழிப்பறைக்கும் உணவுக்கூடத்துக்கும் ஒப்பந்தப் பணியாளர் தெளிக்கும் பீனால் கிருமிநாசினி, எந்திர எண்ணெய்களில் கலக்கும் சேர்மானங்கள் ஆகியவையும் கேட்கப்பட வேண்டியவை. ரோஜாக் குடில்களின் பூச்சிமருந்து, பூஞ்சைமருந்து பற்றிய சான்று மிகக் குறைவு. கொல்கத்தா வரிசையில் பூச்சிக்கொல்லி அடிப்பகுதியில்தான் இருந்தது. வேதிப்பொருளே இல்லாமல் உராய்வாலும் திட்டு விழும் என்பதை மறந்துவிடக் கூடாது. பாதுகாப்புக் காலணியின் விளிம்பு, ஹெல்மெட் வார், இறுக்கமான கையுறைப் பட்டி இடைவிடாமல் தேய்க்கும் இடத்தில், ஏற்கனவே நோய் உள்ளவருக்குப் புதுத் திட்டு எழும். கேப்னர் விளைவு என்பார்கள். அந்தத் தேய்ப்பும் செல்லுக்குள் ஆக்சிஜனேற்றச் சுமையைக் கூட்டுகிறது என்று கருதப்படுகிறது. அதோடு, இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இருபத்து மூன்றில் திட்டு வந்தால் அது வேலையால்தான் வந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. நோய் இயல்பாகவே தொடங்கும் வயது அது. பொருளை விட்டு விலகிய பின் பரவல் நிற்கிறதா, பரிசோதனையில் தோல் வினைபுரிகிறதா என்று பொறுமையாகப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இனி காப்ஸ்யூலுக்கு வருவோம். ஷால்ராய்ட்டர் தன் கண்டுபிடிப்பிலிருந்தே ஒரு மருந்தைச் செய்தார். குறைந்துபோன கேட்டலேஸின் வேலையைச் செய்யும் சூடோகேட்டலேஸ் களிம்பைப் பூசி, குறைந்த அளவு புற ஊதா ஒளி காட்டும் முறை அது. அவருடைய குழு பெரிய வெற்றி என்று எழுதியது. ஆஸ்திரேலியாவில் 2009-இல் மருந்து எது, போலி எது என்று இரு தரப்புக்கும் தெரியாத முறையில் சோதித்தபோது, ஒளிச்சிகிச்சையோடு அந்தக் களிம்பைச் சேர்த்ததில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. கோட்பாடு அழகாக இருந்தும் மருந்து பலிக்காமல் போனதற்கு இது நல்ல பாடம்.

வாய்வழி மருந்துகளில் நிலை சற்று மேல். சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தில் தவிந்தர் பர்சாத் குழு 2003-இல் ஜிங்கோ பிலோபா சாற்றை 40 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை கொடுத்துப் பார்த்தது. மெதுவாகப் பரவிக்கொண்டிருந்த நோய் ஜிங்கோ எடுத்த 25 பேரில் 20 பேருக்கு நின்றது; போலி மருந்து எடுத்த 22 பேரில் 8 பேருக்கு மட்டும். நிறம் நன்கு திரும்பியவர்கள் ஜிங்கோ குழுவில் பத்துப் பேர், போலி மருந்துக் குழுவில் இரண்டு பேர். சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்தியாவில் ஒழுங்காக நடந்த ஆய்வு. அதே நிறுவனம் 2010-இல் மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க் கொல்லியை, அதன் ஆக்சிஜனேற்றத் தடுப்புக் குணத்துக்காகக் கொடுத்து, 32 பேரில் 29 பேருக்குப் பரவல் நின்றதாக எழுதியது. அதில் ஒப்பீட்டுக் குழு இல்லாததால் அதன் எடை குறைவு.

ரோமில் டெல்'அன்னா குழு 2007-இல் ஆல்ஃபா லிபோயிக் அமிலம், வைட்டமின் சி, வைட்டமின் ஈ கலந்த மாத்திரையை ஒளிச்சிகிச்சைக்கு முன்பே தொடங்கிக் கொடுத்தது. முக்கால் பங்குக்கு மேல் நிறம் திரும்பியவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 47, எடுக்காதவர்களில் 18. மொத்தம் சேர்த்தது 35 பேரைத்தான். பாலிபோடியம் என்ற பெரணிச் சாற்றை நெதர்லாந்தில் 50 பேரிடம் சோதித்தார்கள். தலை, கழுத்தில் சாறு எடுத்தவர்களுக்கு 44 விழுக்காடு, போலி மருந்து எடுத்தவர்களுக்கு 27 விழுக்காடு என்று முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் அந்த வேறுபாடு புள்ளியியல் எல்லையைத் தாண்டவில்லை. பிரான்சில் 2021-இல் முலாம்பழத்திலிருந்து எடுத்த சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸை ஒளியோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வில் 24 வாரங்களில் திட்டின் பரப்பு சுமார் 20 விழுக்காடு மீண்டது. போலி மருந்துக் குழுவில் 9 விழுக்காடு. இதிலும் 50 பேர்.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் என் முடிவு இது. ஒளிச்சிகிச்சையோடு சேரும்போது சில ஆன்டிஆக்சிடன்ட்கள் கொஞ்சம் உதவக்கூடும். ஒளி இல்லாமல், காப்ஸ்யூலை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் விழுங்குவதற்குச் சான்று மிக மெலிது. ஆய்வுகள் சிறியவை, மருந்துக் கலவைகள் ஒவ்வொன்றும் வேறு வேறு, அளவு வேறு வேறு. ரோமில் சோதித்த கலவைக்குக் கிடைத்த பலனை, நம் கடையில் நாற்பது பொருள் கலந்து விற்கும் மல்டிவைட்டமின் காப்ஸ்யூலுக்கு எழுதிவைக்க முடியாது. ஜிங்கோ ரத்தம் உறைவதைத் தளர்த்தக்கூடியது என்பதால் ஆஸ்பிரின், வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது.

சிகிச்சைக்கு உதவும் ஒளியே ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுவது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 311 நானோமீட்டர் குறுகிய அலைவரிசைப் புற ஊதா பி ஒளி தோலில் பட்டால் வினை மிகுந்த ஆக்சிஜன் பிறக்கிறது. இருந்தும் அது நோயெதிர்ப்புத் தாக்குதலை அடக்கி, மயிர்க்கால்களில் உறங்கும் நிறமி மூலச்செல்களை எழுப்புகிறது. ஆம்ஸ்டர்டாமின் வெஸ்டர்ஹோஃப் 1997-இல் இதன் பலனைக் காட்டிய பிறகு உலகெங்கும் முதன்மைச் சிகிச்சை இதுவே. சித்த மருத்துவத்தின் கார்போகரிசியிலும் எகிப்தியச் செடி ஒன்றிலும் இருக்கும் சோராலென்கள் வெயிலோடு சேர்ந்து வேலை செய்வதை 1940-களில் எகிப்தின் எல் மோஃப்டி நவீன முறையில் நிறுவியது இதற்கு முந்தைய அத்தியாயம். கார்போகரிசியைத் தானாக அரைத்துப் பூசி வெயிலில் நின்று கொப்பளமாகி வருபவர்கள் உண்டு. அந்தக் கொப்பளமே புதுத் திட்டாகும்.

சாப்பாட்டு விலக்கு இந்த வட்டாரத்தில் பெரிய துன்பம். எலுமிச்சை, புளி, தயிர், மீன், கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழம் கூடாது என்று நோயாளியைப் பட்டினி போடாத குறை. வைட்டமின் சி மெலனின் உருவாவதை ஆய்வகத்தில் தடுக்கிறது என்பதிலிருந்து புளிப்பு விலக்கு கிளம்பியிருக்கலாம். ஆனால் பலன் காட்டிய ரோம் மாத்திரையிலேயே வைட்டமின் சி இருந்தது. தட்டில் விழும் புளிப்பால் திட்டு பரவியதாக நம்பத்தகுந்த சான்று இல்லை. நெல்லிக்காய், கீரை, பழம், பயறு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். மருந்து என்று நினைத்து அல்ல, சாப்பாடு என்று நினைத்து.

உறுதியாக உதவுபவை எவை என்பதையும் சொல்ல வேண்டும். சிறு திட்டுக்கு ஸ்டீராய்டு அல்லது டாக்ரோலிமஸ் களிம்பு, வேகமாகப் பரவினால் தில்லி எய்ம்ஸில் பஸ்ரிச்சா வகுத்த வாரத்துக்கு இரண்டு நாள் பீட்டாமெத்தசோன் முறை, பரவல் நின்று ஓராண்டு ஆன பிறகு நிறமிச் செல் மாற்று அறுவை, எல்லாவற்றோடும் ஒளி. இன்டர்ஃபெரான் சங்கிலியை நேராக அறுக்கும் ருக்சோலிட்டினிப் களிம்புக்கு அமெரிக்கா 2022 ஜூலையில் அனுமதி தந்தது. 24 வாரத்தில் நூற்றுக்கு முப்பது பேருக்கு முகத்தில் முக்கால் பங்கு நிறம் திரும்பியது. நோயின் நடுக்கண்ணியைப் பிடித்த மருந்து, தொடக்கக் கண்ணியைப் பிடித்தவற்றைவிட நன்றாக வேலை செய்வதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒளிச்சிகிச்சை வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஆறு மாதத்துக்கும் மேல். ஒளி காட்டுவது சில நிமிடம். அதற்காகப் போய்வருவது அரை நாள். மூன்று ஷிப்டில் மாறி மாறி வேலை பார்க்கும், விடுப்பு எடுத்தால் கூலி போகும் ஒப்பந்தத் தொழிலாளி, அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கோ வேலூருக்கோ எத்தனை வாரம் போவார்? பாதியில் விட்டுவிடுகிறார், கையில் மிஞ்சுவது காப்ஸ்யூல். எளிதாகக் கிடைப்பது என்பதால்தான் அது இவ்வளவு பரவியிருக்கிறது என்பது என் எண்ணம். பிரிட்டனில் 517 பேரிடம் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், வீட்டிலேயே கையடக்க ஒளிக்கருவியும் ஸ்டீராய்டு களிம்பும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. களிம்பு மட்டும் பூசியவர்களில் 17 பேருக்கு. சிறு திட்டு உள்ளவர்களுக்கு இந்த வழியைத் திறந்துவிடலாம். மாவட்டத்தில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கும் ஓசூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் ஷிப்டு முடிந்து வருபவர்களுக்காக மாலையிலும் ஒளிச்சிகிச்சை நடந்தால், பல ஆண்டுக் காப்ஸ்யூல் செலவைவிட அது மேல்.

சட்டத்தின் பக்கமும் ஓட்டை இருக்கிறது. பிரிட்டன் தொழிலால் வரும் வெண்புள்ளியை, பாரா-டெர்ஷியரி-பியூட்டைல் பீனால் முதல் ஹைட்ரோகுவினோன் வரை பொருள்களைப் பெயர் சொல்லி, இழப்பீட்டுக்குரிய நோயாக அறிவித்திருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010 பட்டியலிலும் வெண்புள்ளிக்குத் தனி இடம் உண்டு. நம் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 29 நோய்களைச் சொன்னது. வேதிப்பொருளாலும் பெயின்டாலும் வரும் தோலழற்சி அதில் இருந்தது; நிறமிழப்பு இல்லை. அரிப்பும் புண்ணும் இல்லாமல் நிறம் மட்டும் போனால் அந்த அட்டவணையில் அதற்கு இடமே இருக்கவில்லை. தமிழக அரசும் மத்திய அரசும் நிறம் போக்கும் இந்தப் பொருள்களைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். ஆலை மருத்துவ அதிகாரிகள் ஆண்டுப் பரிசோதனையில் கையையும் முன்கையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக் குறித்துவைக்க இதற்காகச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வேலை செய்யும் நண்பர்களுக்கு: கையுறை மாட்டும் இடத்திலோ, பசை படும் விரலிலோ, செருப்பு வார் விழும் பாதத்திலோ புதிதாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அன்றே அந்தப் பொருளைத் தொடுவதை நிறுத்துங்கள். மேற்பார்வையாளரிடம் அதன் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளையும், டப்பாவின் லேபிளைப் பிடித்த படத்தையும், பயன்படுத்திய கையுறையையும் எடுத்துக்கொண்டு அந்த மாதத்துக்குள் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். காப்ஸ்யூல் வேண்டுமா, வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு அவரோடு பேசி முடிவு செய்யலாம்.